லைனில் இன்னொருத்தர்

பேத்தி பிறந்திருக்கிறாள். மத்தியானத்திலிருந்து எனக்குத் தெரியும், இன்னும் நானாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை, வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வந்து விழும் என்பதால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு சங்கரவடிவு அக்காவுக்கு என்னமோ கோபம் என்று தோன்றும், தோன்றட்டும், எனக்குள்ளே ஒரு பானை பால் பொங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும். பெண் பிள்ளை. தலை நிறைய முடியாம். தளவாய் போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான், அத்தே, முடி அத்தே, இவ்வளவு முடி, என்று, மாப்பிள்ளைக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லை. மைக்கில் ஒன்றியம் பேசிக்கொண்டிருக்கிறார், இன்னும் பேச்சு தொடங்கவில்லை, அவர்களே அவர்களே என்று மேடையில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக விளித்துக்கொண்டிருக்கிறார், இப்போதுதான் மாவட்டப் பிரதிநிதி அவர்களேவுக்கு வந்திருக்கிறார், அமைச்சர் வரைக்கும் போய்த் திரும்பி மகளிர் அணி வழியாக என்னிடம் வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குப் பேர் வைத்துக் காப்புப் போட்டு காதும் குத்திவிடலாம். எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது. பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர் மாவட்டம், மாவட்டச் செயலாளர் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் இங்கே பொறுமை கிடையாது, மாவட்டம் என்றாலே அவர்தான், அவர் என் பக்கம் குனிந்து, "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறேன். தலைக்கு மேலே துணி பேனர் காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது, ஒட்டுக்கேட்பு ஒழிப்பு வெற்றி விழா, நன்றியுரை திருமதி சங்கரவடிவு பிச்சையா, பீடித் தொழிலாளர் சங்கம். என் பேரை இவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததே இல்லை. நன்றியுரை. நன்றி சொல்லத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது, எஸ்.டி.டி. மணிக்கு ஒரு நீளம் உண்டு, உள்ளூர் மணி மாதிரி கிடையாது, கஞ்சித் தண்ணீர் காலில் தெறித்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். பிலாயில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பூத்திலிருந்து தளவாய் பேசினான், பின்னால் இந்தியில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்துக்கு மேலே முடி, முடி. காந்திமதி எப்படி இருக்கா என்று கேட்டேன், நல்லா இருக்கா, சிரிக்கா, காப்பி கேக்கா என்றான். என் மகள் காப்பி கேட்கிறாள் என்றால் உலகம் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனை வைத்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயிடம் ஓடிச் சொல்லலாமென்றால் அவள் பீடிக்கடையில் சுற்றின பீடித் தட்டைக் கொடுக்கப் போயிருந்தாள், அப்புறம் ஒரு புத்தி வந்தது, கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் இருக்கட்டுமே, சாயங்காலம் எல்லோருக்கும் சொல்லலாம், அதுவரைக்கும் கன்னத்தில் அடக்கிய கற்கண்டு மாதிரி இருக்கட்டும் என்று. அதற்குள் கட்சிக் கார் வாசலில் வந்து ஆரன் அடித்தது. சேலையை மாற்றிக்கொண்டு ஏறினேன். காரில் டிரைவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், பிசகாமல் சொல்ல முடியும், பிலாயில் அவர்கள் இரண்டு பேரையும் இங்கே என்னையும் தவிர, இந்த ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை.

அப்படியிருக்க, மேடைப் படிக்கட்டுப் பக்கத்தில் பாக்கியநாதன் ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். அவரை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது, ஸ்பெஷல் பிராஞ்ச், மஃப்டி, எந்தக் கட்சிக் கூட்டமானாலும் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து பேச்சையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்பார், பேச்சாளர்கள் அவரைப் பார்த்து, ஏட்டையா இதை நல்லா எழுதிக்கோங்க என்று சொன்னால் கூட்டம் கைதட்டும், அவரும் சிரிப்பார். எங்கள் வீட்டுக்கு எதிரே தபால்பெட்டிப் பக்கம் எத்தனையோ வருசம் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், வெயில் நேரத்தில் நானே கூப்பிட்டு மோர் கொடுத்திருக்கிறேன், நம்மைக் கண்காணிக்கிற ஆள் மயங்கி விழுந்தால் அதுவும் நம் வாசலில்தானே. இன்றைக்கு நான் படியில் காலை வைக்கும்போது அவர் முகமெல்லாம் பல்லாக ஒரு அடி முன்னால் வந்து, "சந்தோசம் எக்கா. பேத்தியாம்லா. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காவ, அது போதும்," என்றார். எனக்கும் சந்தோசத்தில் ஒன்றும் உறைக்கவில்லை, ஆமா ஏட்டையா, தல நெறைய முடியாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது படியில் ஏறினேன், மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவரும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், பல் இன்னும் தெரிந்தது, ஆனால் சிரிப்பு போய்விட்டிருந்தது, சொன்னதைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறவர் மாதிரி. பிறகு மகளிர் அணி என் கையைப் பிடித்து மேலே இழுத்து ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டது.

ஆக, லைனில் இருந்தது நீங்கள்தானா ஏட்டையா. இத்தனை வருசமாக. நானும் அவரும், அவர் என்றால் என் வீட்டுக்காரர், வக்கீல் பிச்சையா, பீடிக் கம்பெனிக்காரர்கள் மேல் சங்கத்துக்காகக் கேஸ் மேல் கேஸ் போட்டவர், நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆளைப் பற்றி எவ்வளவு கற்பனை செய்திருக்கிறோம். போனை எடுத்தால் ஒரு டிக், பிறகு ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு மௌனம், சில நாள் லேசாக ஒரு இருமல். அவர் சொல்வார், வடிவு, நம்ம வீட்டுல மூணு பேரு, சமைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடு. சங்கத்துப் பேச்சென்றால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவோம், ஸ்டிரைக் தேதி முழுக்கக் குழாய்ச் சத்தத்தில்தான் முடிவாயிற்று, தண்ணீர் வராத நாளில் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றுவேன், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவர் கண்ணை மூடின பிறகும் டிக் நிற்கவில்லை, நான் சங்கத்துக்குத் தலைவியானேன் அல்லவா. ஆனால் சங்கத்தை விடுங்கள், சங்கம் எப்படியும் பேசிக்கொள்ளும். காந்திமதிக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்தில் தங்காமல் போனது. அன்றைக்கு அவள் பிலாயிலிருந்து போன் போட்டாள், அம்மா என்று ஒரு சொல், அப்புறம் டிக், அப்புறம் அந்தக் கிணறு. அவளுக்கும் தெரியும் யாரோ இருக்கிறார்கள் என்று. ஒரு பெண் தன் அம்மாவிடம் மட்டும் சொல்லக்கூடிய விசயம் எத்தனை இருக்கிறது, எவ்வளவு ரத்தம் போச்சு, எங்கே வலிக்கிறது, அது எப்படி இருந்தது, கையில் கொடுத்தார்களா இல்லையா, ஒன்றும் கேட்க முடியவில்லை, ஒரு ஆம்பிளை கேட்டுக்கொண்டிருக்கிறானே. சாப்பிட்டியா என்று கேட்டேன். ம் என்றாள். தளவாய் இருக்கானா. ம். வைக்கட்டா. ம். என் மகளுடைய அழுகையை நான் கேட்கவே இல்லை, அவள் அழவிடவில்லை, அரசாங்கம் கேட்குமே என்று அடக்கிக்கொண்டாள். இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது, அந்த வாரம் பாக்கியநாதன் தபால்பெட்டிப் பக்கம் நின்றபோது, எப்போதும் எக்கா நல்லாருக்கீயளா என்று கேட்கிறவர், கேட்கவில்லை. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அதை அன்றைக்கு வெயில் என்று நினைத்தேன்.

சே, இதையெல்லாம் இன்றைக்கு ஏன் நினைக்க வேண்டும். இன்றைக்கு முடி. கருகருவென்று தலை நிறைய முடி. காந்திமதி பிறந்தபோது மொட்டை, தேங்காய் மாதிரி இருந்தாள், இவள் யாரைக் கொண்டிருக்கிறாள், தளவாயின் அம்மாவுக்கு நல்ல அடர்த்தி, அங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும், போகட்டும், முடியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், குரலை நான் கொடுப்பேன். ஒன்றியம் முடித்துவிட்டார், நகரம் எழுந்திருக்கிறார். நகரமும் அவர்களே என்றுதான் தொடங்குகிறார். கீழே முதல் வரிசையில் எங்கள் சங்கத்துப் பெண்கள், பேச்சித்தாய் மடியில் பேரனை வைத்துக்கொண்டு வெற்றிலை போடுகிறாள், அவர்களுக்கு முன்னால் தனி நாற்காலியில் பாக்கியநாதன், நோட்டில் குனிந்த தலை நிமிரவே இல்லை.

எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி அமைச்சர் மாவேந்தன். இந்தத் தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறது, எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில், கூழ்வற்றல் இன்னும் ரெண்டு வைங்க எக்கா என்று கேட்டு வாங்கி. எங்கள் வீட்டு டிக் பற்றி என் வீட்டுக்காரர் சொன்னபோது அதன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, பொய்த் தண்ணீர் இல்லை, நான் பார்த்தேன். மறுநாள் மேடையில் அது பேச்சாகிவிட்டது. ஒரு தாய் தன் மகளோடு பேசுகிறாள்! அந்தப் பேச்சுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது இந்த அரசாங்கம்! அந்த நாற்காலியை எடுத்து எறிவேன் நான்! விசில் பறந்தது. எலக்சன் முடிகிற வரைக்கும் எத்தனை ஊர், எத்தனை மேடை, நாற்காலி எறியாத இடமே கிடையாது, நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், இதோ அந்தத் தாய் என்று கையைக் காட்டும்போது எழுந்து கும்பிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. கும்பிட்டேன். நம்பிக்கையோடுதான் கும்பிட்டேன். ஜெயித்தார்கள், அமைச்சரானது தம்பி, போனைக் கேட்கிற உத்தரவெல்லாம் இனி இவர் மேசைக்குத்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது, சட்டசபையில் எழுந்து நாற்காலியை எறிந்துவிட்டேன் என்று அறிவித்தது, அன்றைக்கு நாங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் பூந்தி கொடுத்தோம். அதற்கப்புறமும் டிக் கேட்டது. லைன் பழசு, அதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நம்மவர்கள் ஆட்சி, நம்மவர்கள் எறிந்துவிட்டார்கள், அப்புறம் கேட்கிறது என்றால் அது வெறும் கம்பிச் சத்தம்தானே. கம்பி வந்து பேத்திக்கு வாழ்த்துச் சொல்லுமா?

சொல்லிவிடலாமா மைக்கில்? சொன்னால் என்ன ஆகும். முதலில் பாக்கியநாதனுக்கு ஆகும், நாளைக்கே ராமநாதபுரத்துக்கோ எங்கேயோ தூக்கிப் போடுவார்கள், அவருக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறாள், மோர் குடிக்கும்போது சொல்லியிருக்கிறார். அந்த மனுசன் சந்தோசத்தில் தவறிவிட்டார், என் பேத்திக்காக ஒரு நிமிசம் போலீஸ்காரன் என்பதை மறந்துவிட்டார், அதற்குத் தண்டனை வாங்கிக் கொடுக்கிறதா. சொல்லாவிட்டால்? நன்றி, அமைச்சர் அவர்களுக்கு நன்றி, நாற்காலி போய்விட்டது, நன்றி. வீட்டுக்குப் போவேன், ராத்திரி காந்திமதி பேசுவாள், பால் வருகிறதா என்று கேட்க வேண்டும், தையல் போட்டார்களா, எத்தனை, வலி எப்படி, மார் கட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொல்ல வேண்டும், டிக், மறுபடியும் சாப்பிட்டியா, ம், வைக்கட்டா, ம். மாட்டேன். இந்தத் தடவை மாட்டேன். ஆனால் பயமாகவும் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய், அடிவயிற்றில் என்னமோ ஐஸ் கட்டி மாதிரி, கட்சிக்காரர்கள் மேடையில் வைத்துக் கேள்வி கேட்டால் விடுவார்களா, சங்கத்துக்கு வர வேண்டிய நலவாரியப் பணம் இவர்கள் கையில்தான் இருக்கிறது, பேச்சித்தாய்க்கு ஆஸ்துமா, அவளுக்கு அதில் மருந்துச் செலவு வர வேண்டும். அப்படியே அந்த ஐஸ் கட்டிக்குப் பக்கத்திலேயே பால் பொங்குகிறது, முடி, முடி, காப்பி கேட்கிறாள். ஒரே வயிற்றில் இரண்டும் இருக்க முடியுமா. இருக்கிறதே. அவர் இருந்தால் என்ன சொல்வார், வடிவு, சட்டப்படி முதல்ல யாரு உத்தரவு போட்டாங்கன்னு கேக்கணும் என்பார், எந்தக் கேஸிலும் அவருடைய முதல் கேள்வி அதுதான், அடித்தவனை விடு, அடிக்கச் சொன்னவன் யார்.

"அந்தத் தாயை... நன்றியுரை ஆற்ற... அழைக்கின்றேன்!" நகரம் மைக்கில் முழங்குகிறார், மாவட்டம் என் முழங்கையைத் தொடுகிறார். எழுந்திருக்கிறேன். பொன்னாடை நழுவுகிறது, அதைப் பிடிக்கவில்லை. மைக் என் உயரத்துக்கு மேலே இருக்கிறது, ஒரு பையன் வந்து இறக்கிவிட்டுப் போகிறான், கீய்ங் என்று ஒரு சத்தம், பிறகு மைதானம் முழுக்க என் மூச்சு கேட்கிறது. அப்புறம் வந்தது, எது முதலில் வரும் என்று பயந்தேனோ அதுவே வந்தது.

"எனக்குப் பேத்தி பொறந்திருக்கா!"

மைதானம் ஒரு கணம் விழித்தது, பிறகு எங்கள் பெண்கள் குலவை போட்டார்கள், பேச்சித்தாய் எழுந்து நின்று, "ஏளா, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்று கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், அமைச்சரும் எழுந்து கைதட்டினார். அந்தக் குலவைச் சத்தத்தில் ஐஸ் கட்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஆமா பேச்சி, ஒங்கிட்டச் சொல்லல. ஒருத்தர்ட்டயும் சொல்லல. மத்தியானம் போன் வந்துது, ஒடனே கார் வந்துது, ஏறி வந்துட்டேன். ஆனா இந்த மேடை ஏறதுக்குள்ள எனக்கு ஒரு வாழ்த்து வந்துட்டு. பேத்தியாம்லா, தாயும் பிள்ளையும் சொகமான்னு." நிறுத்தினேன். கைதட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்களுக்கு முதலில் புரிந்தது, அவர்கள் முகத்தில் அது பரவுவதைப் பார்த்தேன். "அது யாருன்னு கேக்காதிய. நான் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன். நல்ல மனசு, சந்தோசம் பொறுக்காமச் சொன்ன வாழ்த்து, அவுக குடும்பம் நல்லா இருக்கட்டும். கேட்ட ஆள விடுங்க. கேக்கச் சொன்னது யாரு? தம்பி, மாவேந்தன் தம்பி, நாற்காலிய எறிஞ்சாச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு, வாசிச்சேன். எங்க வீட்டு லைன்ல அந்த நாற்காலி இன்னும் கெடக்கே. இன்னைக்கி மத்தியானமும் கெடந்துதே. நான் எம் மகட்ட பால் வருதான்னு கேக்கணும். யாரு உத்தரவுல உக்காந்திருக்காங்கன்னு மட்டும் சொல்லிருங்க, நான் நன்றி சொல்லிட்டு உக்காந்திருதேன்."

மாவட்டம் எழுந்து மைக்கை நோக்கி வந்தார். அமைச்சர் கையை நீட்டி அவரைத் தடுத்தார். தடுத்ததற்குக் காரணம் நேர்மை என்று நான் சொல்லமாட்டேன், கூட்டத்தின் முன்னால் ஒரு கேள்வி விழுந்தால் அதைப் பிடித்துப் பூவாக மாற்றித் திருப்பி எறியத் தெரிந்த பேச்சாளர் அவர், இதையும் அப்படிச் செய்துவிடலாம் என்று நம்பினார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்று குரலை ஏற்றினார். "என் அக்கா கேட்கிறாள்! ஒரு தாய் கேட்கிறாள்! எந்த அதிகாரி, எந்தத் துணிச்சலில், என் ஆட்சியில் இந்தக் காரியத்தைச் செய்தான் என்று இதோ, உங்கள் கண் முன்னால் கேட்கிறேன்! டி.எஸ்.பி. மேடைக்கு வரட்டும்!" விசில் பறந்தது. ஒரு கணம் எனக்கே உடம்பு சிலிர்த்தது, இந்தக் குரலுக்கு அந்த வித்தை உண்டு. மேடைக்குப் பின்னால் நின்ற டி.எஸ்.பி. தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறி வந்தார், வியர்த்திருந்தது, சல்யூட் அடித்தார், அமைச்சர் காதருகே குனிந்தார். அமைச்சர் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தார். குனிந்தவர் வாயும் மைக்குக்கு முன்னால்தான் வந்தது.

"ஐயா, உத்தரவைப் புதுப்பிக்கச் சொல்லி போன மாசம் ஃபைல் அனுப்பியிருந்தோம். ஐயாதான் கையெழுத்துப் போட்டீங்க."

ரகசியம்தான். ரகசியக் குரலில்தான் சொன்னார். அது மேடையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியில் கேட்டது, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களில் கேட்டது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டியிருந்த குழாய்களில் ஒன்றன் பின் ஒன்றாக, ஐயாதான்... ஐயாதான்... கையெழுத்துப் போட்டீங்க... போட்டீங்க... என்று போய்க்கொண்டே இருந்தது. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது. டி.எஸ்.பி. முகத்தில் ரத்தமே இல்லை. அப்போது பேச்சித்தாய் சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு மாதிரி, ஆஸ்துமாக்காரச் சிரிப்பு, ஈ... ஈ... என்று இழுத்து இழுத்து வரும், அதைக் கேட்டு பக்கத்திலிருந்தவள் சிரித்தாள், பிறகு வரிசை சிரித்தது, பிறகு மைதானம், ஆண்கள், பந்தோபஸ்துப் போலீஸ், கடலை விற்கிறவன், எல்லோரும். என்னால் அடக்க முடியவில்லை, மத்தியானத்திலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து கண்ணீராகவும் சிரிப்பாகவும் கொட்டியது, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தேன், ஒட்டுக்கேட்ட அரசாங்கத்தை ஊரே ஒட்டுக்கேட்டுவிட்டதே என்று. அந்தச் சிரிப்பில் பகை இல்லை, அதுதான் ஆச்சரியம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வேட்டி தடுக்கி விழுந்தால் சிரிப்போமே அந்த மாதிரி.

அமைச்சர் என்னைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. மேடைத் தமிழ் எங்கே போயிற்றோ, எங்கள் வீட்டில் கூழ்வற்றல் கேட்ட அதே குரலில், மெதுவாகச் சொன்னார், "எக்கா, சத்தியமா. வாசிக்காமப் போட்டுட்டேன். கட்டுக் கட்டா வரும். போடுதது மட்டும்தான்." நான் நம்பினேன். அதுவரைக்கும் அந்தத் தம்பி என்னிடம் சொன்னதிலேயே அதுதான் முழு உண்மை என்று பட்டது. அத்தனை மேடையில் அவ்வளவு சத்தமாகச் சொன்னதை ஒரு பேனா வாசிக்காமலே அழித்துவிட்டுப் போயிருக்கிறது.

"சரி தம்பி. அப்ப இப்ப வாசிங்க," என்றேன். "எங்க வீட்ட மட்டும் இல்ல. அந்தக் கட்டுல இருக்கதெல்லாம்."

"நாளைக்கு மெட்ராஸ் போயி..."

"இன்னைக்கி!" என்றது கூட்டம். நான் சொல்லவில்லை, அது தானாக வந்தது. டி.எஸ்.பி. ஆபீஸ் மைதானத்துக்கு எதிரேதான், இந்த மாவட்டத்து உத்தரவுகளின் நகல் அங்கே இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார், ஒரு கான்ஸ்டபிள் ஓடினார், ஓடிப் போய் ஓடி வந்தார், அவருக்கும் கைதட்டினார்கள். "பேரை மைக்குல வாசி!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார், கூட்டமும் சேர்ந்து, வாசி, வாசி என்றது. நான் கையை உயர்த்தி, "வேண்டாம்யா. அது அவுக பேரு. அவுக வீட்டுப் பேச்ச நாமளும் கேக்கதுக்கா வந்தோம்? அவரு வாசிச்சாப் போதும், மனசுக்குள்ள," என்றேன். அடங்கினார்கள். மைதானம் முழுக்கச் சனம், டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி, நடுவில் ஒரு அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். பேசவில்லை. வாசிக்கிறார். இப்படி ஒரு பொதுக்கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் விரலை வைத்து, டி.எஸ்.பி.யிடம், "இவரு போன வருசமே எறந்துட்டாரேய்யா. நான் மாலை போட்டேனே," என்றார். பேனா ஒரு கோடு போட்டது. இன்னொரு இடம், இன்னொரு கோடு. இன்னொன்றில் டி.எஸ்.பி. குனிந்து, இந்தத் தடவை மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னமோ சொன்னார், வெடிமருந்து என்று ஒரு வார்த்தை எனக்குக் கேட்டது, அமைச்சர் யோசித்தார், அதை அடிக்கவில்லை. சரிதான், அது இருக்கட்டும், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் அதுவும் வாசிக்காமல் போடுகிற கையெழுத்துதானே. நாளைக்கு டி.எஸ்.பி. இதை ஒழுங்காகச் செய்வாரா, அடுத்த மாசம் இன்னொரு கட்டு வந்தால் தம்பி வாசிக்குமா, எனக்குத் தெரியாது, யாருக்குத் தெரியும், அடுத்த மாசமும் போய் நிற்க வேண்டியதுதான், பெண்களைக் கூட்டிக்கொண்டு, வாசிச்சீயளா என்று கேட்டுக்கொண்டு. முதல் வரிசையில் பாக்கியநாதன் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரும் பேசாத கூட்டத்தில் என்னத்தை எழுத. முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி, மற்றவர்களைப் போல வேடிக்கை பார்த்தார்.

கடைசித் தாளிலும் கோடு விழுந்தது, அது எங்கள் வீட்டு நம்பர். அமைச்சர் கையெழுத்தைப் போட்டார், மெதுவாக, போட்டதைத் தானே ஒரு தரம் பார்த்தார். எழுந்தார். கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. அவருக்கும் தெரியவில்லை, பழக்கத்தில் கால் மைக்கை நோக்கி வந்தது, கழுத்து நிமிர்ந்தது, நெஞ்சு விரிந்தது, வாயில் ஒரு பெரிய ஆரம்பம் உருண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

நான் மைக்கின் தலையைக் கையால் பொத்தினேன்.

"பேச வேண்டாம் தம்பி," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நல்லாருக்கு. இப்படியே இருக்கட்டும்."

அவர் திறந்த வாயோடு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், சின்னப் பையன் மாதிரி, சிரித்துக்கொண்டே கீழே திரும்பிக் கும்பிட்டார், ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்தார். அந்த மனுசனுக்கு அவ்வளவு கைதட்டலை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.